ஏடு தொடங்கும் குழந்தைக்கு ஏணி அமைத்த பெருமகனார்: நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர்

கார்த்திகைத் திங்கள் மக நட்சத்திரத்தில் சைவ நன்மக்கள் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானின் குருபூசையைக் கொண்டாடி வருகின்றனர். சமய குரவர் நால்வருக்குப் பின் ஐந்தாம் குரவர் என்றே அவரைப் போற்றுவாரும் உளர். அவ்விழாக்களில் அவருடைய சொற்பொழிவுத் திறமும், கண்டன நூல்களும், வாதப் போர்களும் விரிவாகப் பேசப்படும். அவை யாவும் பேசத் தக்கனவே. எனினும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் எதைக் கொடுப்பது, அடுத்து எதைக் கொடுப்பது என்று எண்ணி எண்ணி அவர் செய்த தொண்டு அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. இலக்கணக் கடலையும் சித்தாந்தக் கடலையும் நீந்திக் கரைகண்ட ஒருவர், அரிச்சுவடி வகுப்புப் பிள்ளைக்காகப் புத்தகம் எழுத முற்பட்டார் என்பதே அவர் வரலாற்றில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்க செய்தியாகும்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாக 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். தந்தையார் தமிழறிவு நிரம்பியவர். நாடகங்கள் இயற்றும் ஆற்றல் வாய்ந்தவர். நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போது ஆறுமுகத்திற்கு வயது ஒன்பது. தந்தையார் விட்டுச் சென்ற குறையை அச்சிறுவரே எழுதி நிறைவு செய்தார் என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். நல்லூரில் சுப்பிரமணிய பிள்ளையிடம் தொடக்கக் கல்வி பெற்ற அவர், பின்னர் சரவணமுத்துப் புலவரிடமும் அவருடைய ஆசிரியரான இருபாலைச் சேனாதிராய முதலியாரிடமும் உயர்ந்த இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார்.

அக்காலத்தில் பிள்ளைகள் எவ்வாறு படித்தார்கள் என்பதைச் சற்று விரிவாக அறிந்துகொண்டால்தான் நாவலர் செய்த மாற்றத்தின் பெருமை விளங்கும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகுவான். கை படிந்த பிறகே பனையோலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வரும். நெடுங்கணக்கு முடிந்தவுடன் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை என நீதிநூல்களை மனப்பாடம் செய்வான். அதன்மேல் நிகண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒரே குரலில் திரும்பச் சொல்வார்கள். இம்முறையை இன்று எளிதாக இகழ்ந்துவிடலாம். ஆனால் நூற்றுக்கணக்கான செய்யுள்களைச் சாகும்வரை மறவாத நினைவாற்றலை அம்முறை தந்தது. பேரிலக்கியங்கள் அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்ததில் அந்த மனப்பாடத்திற்கும் பங்குண்டு.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. மனப்பாடமான பாடலை ஏட்டில் பார்த்துச் சொல்வது ஒன்று. முன்பின் பாராத ஓர் ஏட்டைத் தானாகவே படித்துப் பொருள் காண்பது வேறொன்று. பின்னதற்கு ஓலைச்சுவடி சிறிதும் இடங்கொடுக்கவில்லை. மெய்யெழுத்தின் மேல் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதனால் புள்ளியின்றியே எழுதுவார்கள். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு தெரியாது. எரி என்பதும் ஏரி என்பதும் ஒன்றுபோல் இருக்கும். கொடு என்பதும் கோடு என்பதும் அவ்வாறே. காலும் ரகரமும் ஒரே வடிவம் உடையன ஆதலால் காடு என்று எழுதியதைக் கரடு என்றும் படிக்கலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி இல்லை. வாக்கியம் முடிந்தது என்று காட்டும் குறியும் இல்லை. முன்னரே மொழியறிவு முதிர்ந்தவனால்தான் இது ஏரி, இது எரி என்று இடமறிந்து படிக்க இயலும். கற்க வந்த சிறுவனோ ஆசிரியரின் வாயையே பார்த்திருக்க வேண்டியவன் ஆனான். எட்டு ஆண்டு படித்தும் புதிய ஏடொன்றைத் தொட அஞ்சும் பிள்ளைகள் இருந்ததில் வியப்பில்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் வேறுபடுத்திக் காட்டும் வழியை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காட்டிச் சென்றிருந்தார். அச்சு எழுத்து வந்த பிறகே அவ்வழி பரவலாயிற்று.

அந்த அச்சு எழுத்து யாழ்ப்பாணத்தில் யாரிடம் இருந்தது? 1814இல் வெசுலியன் சபையினரும் 1816இல் அமெரிக்க மிஷன் சபையினரும் அங்கு வந்து, ஊர்தோறும் பள்ளிகளைத் தொடங்கினர். மானிப்பாயில் அமெரிக்க மிஷனுக்குச் சொந்த அச்சுக்கூடம் இருந்தது. 1841இல் உதயதாரகை என்னும் பத்திரிகையும் வெளிவந்தது. வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பாடஞ்சொல்லும் முறையும், அச்சிட்ட புத்தகமும், அரசாங்க உதவிப் பணமும் அப்பள்ளிகளுக்கு இருந்தன. வேலைவாய்ப்புக்குரிய ஆங்கிலமும் அங்கேதான் கிடைத்தது. ஆகவே சைவப் பெற்றோரும் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பினர். பிள்ளை எழுத்தறிவோடு வீடு திரும்பினான். ஆனால் வீட்டுத் தெய்வத்தைத் தாழ்வாக நினைக்கும் எண்ணத்தையும் அப்பாடங்களிலிருந்தே பெற்றுத் திரும்பினான். எழுத்தறிவு வேண்டுமா, வழிவழி வந்த சமயம் வேண்டுமா என்று பெற்றோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய நெருக்கடி உருவாயிற்று.

பாதிரியார் பள்ளியில் கற்றதும் கற்பித்ததும்

ஆறுமுகமும் அவ்வழியிலேதான் சென்றார். யாழ்ப்பாணம் வெசுலியன் மத்திய பள்ளியில் ஆங்கிலம் கற்று, இருபது வயது நிரம்பு முன்னரே அங்கு ஆசிரியராகவும் அமர்ந்தார். பள்ளித் தலைவரான பேர்சிவல் பாதிரியார் அவரிடம் தமிழ் பயின்றார். பைபிளைத் தமிழில் பெயர்க்கும் பணியிலும் அவரைத் துணைக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பை அறிஞர் பார்வைக்கு வைக்க இருவரும் சென்னை சென்றபோது, மழவை மகாலிங்கையர் அதனைச் சோதித்து, நடை செம்மையாக இருப்பதாக ஒப்புக்கொண்டார். சைவர் ஒருவர் பைபிளுக்குத் தமிழ் நடை அமைத்துத் தந்ததும், பாதிரியார் ஒருவர் தம் பள்ளியில் சைவ அனுட்டானம் தவறாத ஒருவரை ஆசிரியராக வைத்திருந்ததும் இருவர் பெருமையையும் காட்டுவனவாகும்.

ஆனால் அந்த ஆண்டுகளில் நாவலர் கற்றுக்கொண்டது ஆங்கிலம் மட்டுமன்று. பிள்ளைகளை அறிவு நிலைக்கேற்பப் பிரிப்பது, எளிய பாடத்தின்மேல் அரிய பாடத்தைப் படிப்படியாக அடுக்குவது, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதே புத்தகம் இருக்கச் செய்வது என்னும் முறைகளையெல்லாம் அவர் உள்ளிருந்து கண்டார். உயிரற்ற ஓலையைக் குறைகூறிப் பயனில்லை, பாதிரிமாரைப் பழித்தும் பயனில்லை, அதே முறையைச் சைவப் பிள்ளைக்கும் ஆக்கித் தருவதே வழி என்னும் முடிவுக்கு அவர் வந்ததை அவருடைய செயல்கள் காட்டுகின்றன.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற்பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிதோறும் அங்கே பிரசங்கம் நடைபெற்றது. அவருடைய தோழர் கார்த்திகேய ஐயரும் உடனிருந்து பிரசங்கித்தார். கோயிலுக்கு வந்தோர் கேட்டு உருகினர். ஆயினும் கேட்டுச் சென்றவர் வீட்டில் மறுநாள் பிள்ளை எங்கே படிக்கச் செல்வான் என்னும் கேள்வி எஞ்சி நின்றது. மறு ஆண்டே, 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். அவ்வாண்டு செப்டம்பரில் வெசுலியன் பள்ளி ஆசிரியர் பதவியையும் துறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நிலையான சம்பளத்தை விட்டார், இல்லறத்தையும் நாடவில்லை, வாழ்நாள் முழுவதும் பிரமசாரியாகவே இருந்தார்.

பள்ளி உண்டு, புத்தகம் இல்லை

பள்ளி திறந்தாயிற்று, பிள்ளைகளும் வந்தனர். எதை வைத்துப் பாடஞ்சொல்வது? பழைய நீதிநூல் ஏடுகள் தொடக்க நிலைப் பிள்ளைக்குக் கடினம். மிஷன் புத்தகங்களோ வேறு நோக்குடையன. 1849ஆம் ஆண்டு தம் மாணாக்கர் சதாசிவப் பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு, அச்சு இயந்திரம் வாங்கும் பொருட்டு நாவலர் சென்னைக்குக் கப்பலேறினார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் ஆற்றிய சைவப் பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். இன்று நாம் அவரை அழைக்கும் பெயர், ஒரு பள்ளிக்கூடத்திற்கு அச்சு இயந்திரம் வாங்கச் சென்ற பயணத்தில் கிடைத்த பெயராகும். சென்னையில் தங்கியிருந்த நாளிலேயே சூடாமணி நிகண்டு உரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டார். இயந்திரத்தோடு ஊர் திரும்பி வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். பின்னாளில் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அப்பெயரால் ஓர் அச்சுக்கூடம் நடத்தினார்.

அந்த இயந்திரம் முதலில் ஈன்றெடுத்த நூல்களுள் ஒன்றுதான் பாலபாடம். 1850ஆம் ஆண்டையொட்டி அதன் முதற்புத்தகம் வெளிவந்தது. அடுத்தடுத்த புத்தகங்களும் தொடர்ந்தன. எழுத்து, சொல், சிறு வாக்கியம், அதன்பின் சிறு பாடம் என்று பிள்ளை ஏறிச் செல்லும் வரிசையில் அவை அமைந்தன. முதற்புத்தகத்துப் பிள்ளைக்குச் சிறிய வாக்கியங்களே கிடைக்கும். நான்காம் புத்தகத்திற்கு வரும் பிள்ளையோ கடவுள், ஆன்மா, கல்வி முதலிய தலைப்புகளிலும், கொலை, களவு, பொய், கோபம் முதலிய தீமைகளைக் குறித்தும் முழுமையான கட்டுரைகளைப் படித்துவிடுவான். செய்யுளை மனப்பாடம் செய்தே படிப்பு என்றிருந்த நாட்டில், உரைநடையை வாசித்துப் பொருள் உணர்வதே படிப்பின் வாயில் என்று நாவலர் வைத்ததுதான் இதில் அடிப்படையான மாற்றம். பிள்ளை பேசுவதும் உரைநடை. கடிதம் எழுதுவதும் கணக்கு எழுதுவதும் உரைநடை. படிக்கக் கற்பதும் எழுதக் கற்பதும் இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாயின.

படிக்கும் கண்ணுக்கு உதவியாக அவர் செய்தவை இன்னும் உள்ளன. ஆங்கில நூல்களில் கண்ட காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறியீடுகளைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காகக் கையாண்டார். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது, எங்கே பொருள் முடிகிறது என்று ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டியிருந்ததை அச்சிட்ட பக்கமே பிள்ளைக்குச் சொல்லிற்று. கடுஞ்சந்திகளைப் பிரித்துச் சொற்களைத் தனித்தனியே காணும்படி அச்சிட்டார். பண்டிதர் சிலருக்கு இது மரபு மீறலாகத் தோன்றியிருக்கலாம். இலக்கணம் அறியாதவர் இதைச் செய்திருந்தால் நகைத்துத் தள்ளியிருப்பர். நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டவரே செய்ததனால் யாரும் வாய்திறக்க இயலவில்லை.

பிழைதிருத்தத்தில் அவர் காட்டிய கண்டிப்பும் இங்கே கருதத்தக்கது. நாவலர் பதிப்பு என்றாலே பிழையற்ற பதிப்பு என்று புலவர் உலகம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும். பெருங்காப்பியத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் கற்றவன் திருத்திப் படித்துக்கொள்வான். அரிச்சுவடிப் புத்தகத்தில் பிழைத்தால் பிள்ளை அப்பிழையையே எழுத்தென்று கற்றுக்கொள்வான். இக்காலத்தில் அவசர அவசரமாக அச்சாகும் சிறுவர் நூல்களைப் பார்க்கும்போது, அந்தப் பழைய கண்டிப்பு நம் பதிப்பாளர் சிலருக்காவது வந்து வாய்க்கலாகாதா என்று தோன்றாமல் இல்லை.

படிக்கக் கற்ற பிள்ளை மேலே எதைப் படிப்பான் என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. வினாவும் விடையுமாகச் சமய அடிப்படைகளைச் சொல்லும் சைவ வினாவிடையை எழுதினார். வினாவிடை முறை பாதிரிமார் சமயம் கற்பிக்கக் கையாண்ட முறையே. நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது. சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தை உரைநடையில் ஆக்கி 1852இல் வெளியிட்டார். செய்யுளைத் தாமாகப் படித்தறிய இயலாத இல்லத்தரசியரும் தொழிலாளரும் கண்ணப்ப நாயனாரையும் திருநீலகண்டரையும் தாமே வாசித்து அறியும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. நன்னூலுக்கு ஏறும் முன் மாணவர் மிதிக்கும் படியாக இலக்கணச் சுருக்கத்தையும் இலக்கண வினாவிடையையும் இயற்றினார்.

இவ்விடத்தில் ஒன்றை மறையாமல் சொல்ல வேண்டும். தம் காலத்துச் சாதி வேறுபாடுகளை நாவலர் எதிர்க்கவில்லை. சமூக ஒழுங்கென்றே ஏற்றுக்கொண்டார். அவருடைய நூல்களிலும் அதன் சாயல் உண்டு. அப்பகுதிகளை இன்று பிள்ளைகளுக்குப் பாடமாக வைப்பதற்கில்லை. அவர் வகுத்துத் தந்த படிமுறையோ யாவர்க்கும் பொதுவாகிப் பிற்காலத் தமிழ் வாசகப் புத்தகங்கள் பலவற்றிலும் கலந்துவிட்டது.

பணமில்லாப் பள்ளிகள்

நாவலருக்கு ஊர் உதவியது. ஆனால் போதிய அளவு உதவவில்லை. அரசாங்க உதவிப் பணம் மிஷன் பள்ளிகளுக்குச் சென்ற காலத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை கொடையாளர் தயவிலும் நாவலரின் புத்தக வருவாயிலும் உயிர் தாங்கி நின்றது. அரசாங்க நன்கொடை அதற்குக் கிடைத்தது 1870இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு பள்ளி அவ்வாறு தாக்குப்பிடித்தது என்பது கோயில் திருப்பணிக்கோ பள்ளிக்கோ நன்கொடை திரட்டிப் பழகியவர்களுக்கே முழுமையாக விளங்கும்.

1864இல் தில்லை நடராசப் பெருமான் வீற்றிருக்கும் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஈழத்தில் விளைந்த முறை தமிழகத்திற்குச் சென்று வேரூன்றியதற்கு அது சான்றாகும். ஆங்கிலம் இல்லாத பள்ளியை விட்டுப் பிள்ளைகள் வேறிடம் செல்வதைக் கண்டு, 1872இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையையும் தொடங்கினார். ஆங்கிலமும் சைவமும் ஒரே கூரையின்கீழ் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அது நான்கு ஆண்டுகளே நடந்தது. பொருள் முட்டுப்பாட்டால் 1876இல் மூடப்பட்டது. பிரசங்கத்திற்குத் திரண்ட கூட்டத்தில் பாதிப்பேர் மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுத்திருந்தால் அப்பள்ளி நின்றிருக்கும் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

அந்த வருத்தத்தோடு அவர் அடங்கிவிடவில்லை. 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது, வீடு வீடாகச் சென்று பொருளும் அரிசியும் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பள்ளிக்குக் கேட்டபோது மூடியிருந்த கைகளும் பசிக்குக் கேட்டபோது திறந்தன.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், கார்த்திகை மகம், வெள்ளிக்கிழமை இரவு நாவலர் பெருமான் சிவபதம் அடைந்தார். வெள்ளிக்கிழமையில் தொடங்கிய பிரசங்கப் பணி வெள்ளிக்கிழமையிலேயே முற்றுப்பெற்றதை அடியார்கள் திருவருட் செயலாகக் கருதுவர். அப்போது அவருக்கு ஐம்பத்தேழாவது ஆண்டு நிறைவடையச் சில நாட்களே எஞ்சியிருந்தன. சதாசிவப் பிள்ளை முதலிய மாணாக்கர்கள் பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் கைவிடாது காத்தனர்.

நாவலரால் நடத்த முடியாமற்போன ஆங்கிலப் பள்ளி எண்ணமும் வீண்போகவில்லை. 1888இல் யாழ்ப்பாணத்தில் சைவபரிபாலன சபை தோன்றியது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் ஆதரவில் நிலைபெற்றது. சைவப் பிள்ளை நெற்றியில் திருநீற்றோடு ஆங்கிலம் படித்து வெளிவரும் நாள் அவர் மறைந்து பத்தாண்டுகளில் வந்தது.

மலாயாவில் இருப்புப்பாதைகள் போடப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இங்கு வந்து இறங்கியோருள் இத்தகைய பள்ளிகளில் பயின்றோரும் இருந்தனர். ஆங்கிலம் அவர்களுக்கு உத்தியோகம் தந்தது. தமிழ் எழுத்தறிவும் சைவ ஒழுக்கமும் அவர்களோடு கப்பலேறி வந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் அருள்மிகு கந்தசுவாமி கோயிலும், சிங்கப்பூர் சிலோன் சாலையில் அருள்மிகு செண்பக விநாயகர் ஆலயமும் அவர்கள் எழுப்பியவை.